வெட்சூட்டா, டிரைசூட்டா? ஒரு குளிர்க்கடல் கேள்வியின் வரலாறு

கயாக் என்பது ஒடுக்கமான, நீளமான ஒரு சிறு படகு. ஒருவர் கால்களை நீட்டி உட்கார்ந்துகொண்டு, இரண்டு முனையிலும் அலகு உள்ள ஒரே துடுப்பால் வலமும் இடமும் மாற்றி மாற்றி வலித்துச் செலுத்துவார். இதில் கடலுக்குப் போய்த் தூண்டில் போடுவது அமெரிக்கா, கனடா, பிரிட்டன், நார்வே போன்ற நாடுகளில் பலருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. ஆனால் அந்த நாடுகளின் கடல் மெரினாவில் நாம் கால் நனைக்கும் கடல் போல வெதுவெதுப்பானது அல்ல. பல இடங்களில் கோடையிலேயே 10, 12 டிகிரி செல்சியஸ்தான் இருக்கும். அதில் தவறி விழுந்தால்?

இதற்காகத்தான் அங்கே இரண்டு வகை உடைகள் விற்கிறார்கள். ஒன்று வெட்சூட். உடம்போடு ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நுரை உடை. தண்ணீர் உள்ளே வரும், ஆனால் குளிர் குறையும். இன்னொன்று டிரைசூட். கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான பட்டை வைத்து, தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே போகாதபடி செய்த உடை. இரண்டில் எதை வாங்குவது என்பது கயாக் மீன்பிடிப்பில் புதிதாக இறங்கும் எல்லோருக்கும் வரும் கேள்வி. பெரும்பாலும் விலையைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் இந்த இரண்டு உடைகளும் எப்படிப் பிறந்தன, யாருக்காகப் பிறந்தன என்று பார்த்தால் வேறு ஒரு பதில் கிடைக்கிறது.

முதல் டிரைசூட் தைத்தவர்கள்

கயாக் என்ற சொல்லே வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்களின் சொல். மரச் சட்டத்தின் மேல் சீல் (கடல்நாய்) தோலைப் போர்த்தித் தைத்த இந்தப் படகு அவர்களுக்கு விளையாட்டுப் பொருள் அல்ல. சீல் வேட்டைக்கும் மீனுக்கும் அதுதான் வழி. பனிக்கட்டி மிதக்கும் கடலில் தனியாகப் போகிறவன் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் குளிரில் நீந்திக் கரை சேரலாம் என்று நம்பி யாரும் போக முடியாது.

அதனால் அவர்கள் படகையும் உடையையும் ஒன்றாகவே சேர்த்துவிட்டார்கள். கிரீன்லாந்தில் இதற்குத் துயிலிக் என்று பெயர். சீல் தோலால் ஆன, தலைமூடியுடன் கூடிய மேலங்கி அது. முகத்தைச் சுற்றியும் மணிக்கட்டிலும் இறுக்கிக் கட்டுவார்கள். கீழ் விளிம்பைப் படகில் உட்காரும் துளையின் வளையத்தைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். இப்போது மனிதனும் படகும் ஒரே பொருள்! கவிழ்ந்தால் வெளியே வர வேண்டியதில்லை. துடுப்பை ஒரு வீச்சு வீசி, படகோடு உருண்டு மறுபடியும் நிமிர்ந்துவிடலாம். முகமும் கையும்தான் நனையும்.

அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளின் மக்கள் வேறு ஒரு பொருளைப் பயன்படுத்தினார்கள். கடல் சிங்கம், சீல் போன்றவற்றின் குடலைச் சுத்தம் செய்து, ஊதிக் காயவைத்து, நீளமாகக் கிழித்து, பட்டை பட்டையாகச் சேர்த்துத் தைத்த மேலங்கி. ரஷ்யர்கள் இதைக் கம்லெய்க்கா என்று அழைத்தார்கள். காகிதம் போல மெல்லியது, எடையே இருக்காது, ஆனால் தண்ணீர் புகாது. தைத்த நூல் விலங்குகளின் தசைநாணில் எடுத்தது. நனைந்தால் அது ஊதிப்பெருத்து ஊசித் துளைகளைத் தானாகவே அடைத்துவிடும். இந்தத் தையல் வேலை முழுவதும் பெண்களுடையது. ஒரு தையல் பிசகினால் கடலுக்குப் போன ஆள் திரும்ப மாட்டான். உலகின் முதல் டிரைசூட் தொழில்நுட்ப வல்லுநர்கள் இந்தப் பெண்கள்தான் என்று சொன்னால் அது மிகையல்ல.

இன்னும் ஒரு படி மேலே போன உடை கிரீன்லாந்தின் திமிங்கல வேட்டை உடை. காலணி முதல் தலைமூடி வரை ஒரே துண்டு. முன்புறம் உள்ள ஒரு துளை வழியாக உள்ளே புகுந்து அதை இறுக்கிக் கட்டிவிடுவார்கள். உள்ளே காற்று நிற்பதால், கொன்ற திமிங்கலத்தை அறுக்கும்போது தண்ணீரில் மிதந்துகொண்டே வேலை செய்யலாம். 1721-ல் கிரீன்லாந்துக்குப் போன ஹான்ஸ் எகெடே என்ற பாதிரியார் 1741-ல் வெளியிட்ட நூலில் இந்த உடையைப் பற்றி எழுதியிருக்கிறார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மக்கள் யாரும் நீந்துவதற்காக உடை தைக்கவில்லை. தண்ணீருக்கு மேலேயே இருக்க வேண்டும் என்று நினைப்பவன், தவறி உள்ளே போனாலும் பிழைக்க வேண்டும் என்பதற்காகத் தைத்தார்கள்.

படகை எடுத்து உடையை விட்ட ஐரோப்பா

19-ம் நூற்றாண்டில் ஐரோப்பியர்களுக்குக் கயாக் மேல் ஆசை வந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் மக்ரெகர் 1865-ல் 'ராப் ராய்' என்ற மரப்படகில் ஐரோப்பிய ஆறுகளைச் சுற்றி வந்து எழுதிய புத்தகம் இந்த விளையாட்டைப் பிரபலமாக்கியது. 1907-ல் ஜெர்மனியில் ஜோஹன் கிளெப்பர் மடித்துப் பையில் போட்டு எடுத்துப் போகக்கூடிய கயாக்கைத் தயாரிக்கத் தொடங்கினார். ஆனால் இவர்கள் எடுத்துக்கொண்டது படகை மட்டும்தான். துயிலிக்கை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அமைதியான ஆற்றில் வெயில் காலத்தில் போகிறவருக்கு அது தேவையாகவும் படவில்லை.

துருவக் கடலிலேயே கயாக் கற்ற ஐரோப்பியரும் உண்டு. ஜினோ வாட்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் 1930-31-ல் கிரீன்லாந்துக்குப் போன ஆய்வுக்குழுவின் தலைவர். அங்குள்ள மக்களிடமே கயாக் ஓட்டவும், கவிழ்ந்தால் உருண்டு நிமிரவும், சீல் வேட்டையாடவும் கற்றுக்கொண்டார். 1932 ஆகஸ்ட் 20 அன்று கிழக்குக் கிரீன்லாந்தில் தனியாக வேட்டைக்குப் போனார். துணைவர்கள் தேடிப் போனபோது அவருடைய கயாக் ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தது. அருகில் ஒரு பனிக்கட்டியின் மேல் அவருடைய கால்சட்டை நனைந்து கிடந்தது. உடல் கிடைக்கவே இல்லை. அப்போது அவருக்கு வயது 25.

1875: ஒரே கால்வாய், இரண்டு வழிகள்

உலர்ந்து கிடப்பதா, நனைவதா என்ற கேள்வியை 1875-ம் ஆண்டு வேடிக்கையான முறையில் மேடை ஏற்றியது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையில் உள்ள ஆங்கிலக் கால்வாயை அந்த ஆண்டில் இரண்டு பேர் கடந்தார்கள்.

முதலாமவர் பால் பாய்டன். கிளார்க் மெரிமன் என்பவர் கண்டுபிடித்த ரப்பர் உயிர்காப்பு உடையை அணிந்திருந்தார். மேல் பாதி, கீழ் பாதி என இரண்டு துண்டுகள் இடுப்பில் தண்ணீர் புகாமல் பொருந்தும். உள்ளே காற்று அறைகள். குழாய் வழியாக வாயால் ஊதி நிரப்ப வேண்டும். பாய்டன் மல்லாந்து படுத்து, கால்களை முன்னே நீட்டி, இரண்டு அலகுத் துடுப்பால் தன்னைத்தானே வலித்துக்கொண்டு போனார். ஒரு வகையில் அவரே கயாக்! மே 28 அன்று பிரான்சில் கிளம்பி, ஏறக்குறைய ஒரு நாள் கழித்து 29 அன்று இங்கிலாந்தில் கரையேறினார்.

இரண்டாமவர் கேப்டன் மேத்யூ வெப். ஆகஸ்ட் 24, 25 தேதிகளில் எந்த மிதவையும் இல்லாமல், உடம்பில் கடற்பன்றிக் கொழுப்பைப் பூசிக்கொண்டு 21 மணி 45 நிமிடம் நீந்திக் கால்வாயைக் கடந்தார். நனைந்தே போனார், ஆனால் நிறுத்தாமல் நீந்தியதால் உடம்பு சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருந்தது.

இருவரும் ஜெயித்தார்கள். ஆனால் வெப் நீந்தியே தீர வேண்டும் என்று இறங்கியவர். நடுக்கடலில் அசையாமல் உட்கார்ந்து தூண்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அவருடைய வழி உதவாது.

நனைந்தால் என்ன என்று கேட்ட இயற்பியலாளர்

20-ம் நூற்றாண்டின் பாதி வரை, குளிர்ந்த தண்ணீரில் வேலை என்றால் உலர்ந்த உடைதான். 1837-ல் அகஸ்டஸ் சீபே செய்த, செப்புத் தலைக்கவசத்தோடு சேர்ந்த முக்குளிப்பு உடையும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போரில் மனித டார்பிடோக்களை ஓட்டிய பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் அணிந்த ஸ்லேடன் உடையும் அப்படித்தான். அதற்கு அந்த வீரர்கள் வைத்த செல்லப் பெயரின் பொருள் 'பிசுபிசுத்த சாவு'! அவ்வளவு அவஸ்தை. இப்படிப்பட்ட உடையில் ஒரு கிழிசல் விழுந்தால் உள்ளே தண்ணீர் நிறையும், கம்பளி உடை ஊறும், சூடும் போய்விடும்.

இந்தச் சிக்கலைத் தலைகீழாகப் பார்த்தவர் ஹியூ பிராட்னர். அணுகுண்டு தயாரித்த மன்ஹாட்டன் திட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருந்த இயற்பியலாளர். கடற்படையின் முக்குளிப்பு வீரர்களுக்கு நல்ல உடை தேடும் பணியில் ஈடுபட்டிருந்தார். 1951-ல் அவருக்குத் தோன்றிய எண்ணம் எளிமையானது. சூட்டைக் காப்பது வறட்சி அல்ல, அடைபட்ட காற்று. அந்தக் காற்றை உடையின் துணிக்குள்ளேயே சின்னச் சின்னக் குமிழிகளாக அடைத்துவிட்டால், தோல் நனைந்தால்தான் என்ன?

அதற்கு ஏற்ற பொருளும் தயாராக இருந்தது. நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரை டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் 1930-ல் உருவாக்கியிருந்தார்கள். அதை நுரையாக்கினால் ஒன்றோடொன்று சேராத வாயுக் குமிழிகள் நிறைந்த தாள் கிடைக்கும். அதைப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னவர் வில்லார்ட் பாஸ்கம் என்ற பொறியாளர்.

வெட்சூட்டுக்குள் புகும் தண்ணீர்தான் சூடாகி நம்மைக் காக்கிறது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. காப்பது குமிழிகளில் உள்ள வாயு. உள்ளே வரும் தண்ணீர் வெறும் விருந்தாளி. மெல்லிய படலமாக அசையாமல் இருந்தால் கெடுதல் செய்யாது, அவ்வளவுதான். அதனால்தான் வெட்சூட் உடம்போடு இறுக்கமாக இருக்க வேண்டும் என்கிறார்கள். தொளதொளவென்று இருந்தால் புதுப் புதுத் தண்ணீர் புகுந்து சூட்டை வெளியே அள்ளிக்கொண்டு போகும்.

பிராட்னருக்கு இதில் காப்புரிமையோ பெரிய வருமானமோ கிடைக்கவில்லை. நுரையில் உள்ள வாயுவால் வீரர்கள் சோனார் கருவியில் தெரிந்துவிடுவார்களோ என்ற கவலை கடற்படைக்கு இருந்தது. உடையை உலகத்துக்குக் கொண்டு சேர்த்தவர்கள் கலிபோர்னியாவின் அலைச்சறுக்கு வீரர்கள். 1952-ல் சான் பிரான்சிஸ்கோவில் கடை திறந்த ஜேக் ஓ'நீல், 1953-ல் ரெடாண்டோ பீச்சில் வணிகம் தொடங்கிய மெய்ஸ்ட்ரெல் சகோதரர்கள் ஆகியோரின் பெயர்கள் வெட்சூட்டோடு ஒட்டிக்கொண்டன. முதலில் செய்தது யார் என்ற சண்டை பல ஆண்டுகள் நடந்தது. பிராட்னர் 1951 ஜூனில் எழுதிய ஒரு கடிதம் 1990-களில் ஆராயப்பட்ட பிறகுதான் முதலிடம் அவருக்கு என்பது பரவலாக ஏற்கப்பட்டது. பிராட்னர் 2008-லும் ஓ'நீல் 2017-லும் காலமானார்கள்.

வெட்சூட் யாருக்காகப் பிறந்தது என்பது இப்போது புரியும். முக்குளிப்பவருக்கும் அலைச்சறுக்குபவருக்கும். அதாவது, தண்ணீருக்குள் போவதே வேலையாக உள்ளவர்களுக்கு.

மிதந்தார்கள், பிழைக்கவில்லை

தண்ணீருக்குள் போகும் எண்ணமே இல்லாதவர்களின் கதை வேறு. 1983 பிப்ரவரி 12 அன்று 'மரைன் எலெக்ட்ரிக்' என்ற நிலக்கரிக் கப்பல் அமெரிக்காவின் வர்ஜீனியா கடற்கரைக்கு அப்பால் புயலில் கவிழ்ந்தது. கப்பலில் இருந்தவர்கள் 34 பேர். தண்ணீரின் வெப்பநிலை சுமார் 4 டிகிரி. உயிர்காப்பு மிதவைச் சட்டை அவர்களிடம் இருந்தது. ஹெலிகாப்டரும் வந்தது. ஆனால் கீழே இறக்கிய கூடையைப் பிடித்து ஏறக்கூட முடியாதபடி கைகள் மரத்துப்போயிருந்தன. 31 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் குளிர்கடலில் போகும் கப்பல்களில் ஒவ்வொருவருக்கும் தண்ணீர் புகாத உடை கட்டாயம் என்ற விதி அமெரிக்காவில் வந்தது.

காரணம் உடம்பின் வேலை முறையில் இருக்கிறது. தண்ணீர் காற்றை விடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது. ஆனால் முதலில் கொல்வது உடல் குளிர்ந்துபோவது அல்ல. குளிர்ந்த தண்ணீர் தோலில் பட்டதும் தன்னையறியாமல் ஒரு பெருமூச்சு இழுக்கும். பிறகு மூச்சு கட்டுப்பாடில்லாமல் இரைக்கும். அந்த நொடியில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் அதோடு சரி. இதைக் 'குளிர் அதிர்ச்சி' என்கிறார்கள். பிரிட்டனில் மைக் டிப்டன் போன்ற உடலியல் ஆய்வாளர்கள் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சுருக்கிச் சொன்னார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கை கால்கள் உருப்படியாக வேலை செய்வது 10 நிமிடம். நினைவு தப்புவதற்கு 1 மணி நேரம்.

இந்தக் கணக்கில் நல்ல உடை செய்வது என்ன? முதல் நிமிடத்தின் அதிர்ச்சியைக் குறைக்கிறது. 10 நிமிடத்தை நீட்டிக்கிறது. கவிழ்ந்த படகில் மறுபடி ஏறுவதற்கு அந்த நேரம்தான் முதலீடு.

படகின் மேல் உட்கார்ந்த மீனவர்

1970-களில் கலிபோர்னியாவின் மலிபுவில் டிம் நீமியர் என்பவர், உள்ளே உட்காராமல் மேலே உட்காரும் கயாக்கை உருவாக்கினார். நம் கட்டுமரம் போல, மேலே ஏறும் தண்ணீர் தானாக வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் உள்ளே சிக்கிக்கொள்ளும் பயமில்லை. மீன்பிடிப்பவர்களுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. 1997-ல் ஹோபி நிறுவனம் காலால் மிதித்து ஓட்டும் மிராஜ் டிரைவ் கருவியை வெளியிட்டது. இரண்டு கையும் தூண்டிலுக்குக் கிடைத்தன.

ஆனால் இந்த வசதியில் ஒரு விலை ஒளிந்திருந்தது. துயிலிக் அணிந்தவன் கவிழ்ந்தால் படகோடு உருண்டு நிமிர்ந்துவிடுவான். மேலே உட்கார்ந்தவர் கவிழ்ந்தால் முழு உடம்போடு தண்ணீரில்தான் விழுவார். படகு இனி அவருக்கு உடை அல்ல. அவருக்குள்ள ஒரே பாதுகாப்பு அவர் போட்டிருப்பது மட்டுமே.

டிரைசூட்டும் இதற்குள் மாறியிருந்தது. 1969-ல் பாப் கோர் கண்டுபிடித்த சவ்வில் இருந்து பிறந்த கோர்-டெக்ஸ் துணி 1976-ல் சந்தைக்கு வந்தது. தண்ணீரை உள்ளே விடாது. வியர்வை ஆவியை வெளியே விடும். 1980-களில் இந்தத் துணியில் துடுப்புப் படகுக்கான டிரைசூட்டுகள் வரத் தொடங்கின. குடல் தோல் அங்கியின் பேரப்பிள்ளை என்று இதைச் சொல்லலாம்.

அப்படியானால் எது?

வெட்சூட்டின் பலம், கிழிந்தாலும் வேலை செய்வது. தூண்டில் முள், கத்தி, மீனின் செதில் முள் எல்லாம் மடியிலேயே கிடக்கும் இடத்தில் இது சின்ன விஷயம் அல்ல. விலையும் குறைவு, தானாக மிதக்கும். ஆனால் நனைந்த வெட்சூட்டோடு காற்றில் 3 மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால், தண்ணீர் ஆவியாகும்போதே உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். அலைச்சறுக்குபவர் அசைந்துகொண்டே இருக்கிறார். மீன்பிடிப்பவர் காத்துக்கொண்டே இருக்கிறார்.

டிரைசூட் அணிந்தவர் உலர்ந்தே காத்திருப்பார். உள்ளே கம்பளியோ ஃப்ளீஸோ எத்தனை அடுக்கு வேண்டுமோ போட்டுக்கொள்ளலாம். ஆனால் டிரைசூட் தானாகச் சூடு தராது. உள்ளே வெறும் பருத்திச் சட்டை என்றால் பயனில்லை. ஸிப்பைச் சரியாக மூடாமல் போனால் உடையே வீண். கழுத்து, மணிக்கட்டுப் பட்டைகளின் லேடக்ஸ் வெயிலிலும் எண்ணெயிலும் கெடும். அவ்வப்போது மாற்ற வேண்டும். கிளம்பும் முன் குந்தி உட்கார்ந்து, கழுத்துப் பட்டையை விலக்கி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். உடை கிழிந்து தண்ணீர் நிறைந்தால் ஆளை அடியில் இழுத்துவிடும் என்பது மட்டும் கட்டுக்கதை. தண்ணீருக்குள் இருக்கும்வரை உள்ளே உள்ள தண்ணீருக்கு எடை தெரியாது. ஆனால் படகில் ஏறுவது கடினமாகும், குளிரும் தாக்கும். எந்த உடையானாலும் மேலே மிதவைச் சட்டை கட்டாயம்.

இன்னொரு பழைய வாய்ப்பாடும் உண்டு. காற்றின் வெப்பநிலையையும் தண்ணீரின் வெப்பநிலையையும் ஃபாரன்ஹீட்டில் கூட்டி, 120-க்குக் குறைந்தால் மட்டும் சிறப்பு உடை வேண்டும் என்பது அது. கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்று 70, தண்ணீர் 50 என்றால் கூட்டுத்தொகை 120. வாய்ப்பாட்டின்படி ஆபத்தில்லை. ஆனால் 50 ஃபாரன்ஹீட் என்பது 10 டிகிரி செல்சியஸ். குளிர் அதிர்ச்சி கடுமையாகத் தாக்கும் குளிர். இதமான வெயில் மூச்சுத் திணறலைத் தடுக்காது.

2015 டிசம்பர் 8 அன்று சிலி நாட்டின் ஜெனரல் கரேரா ஏரியில் காற்று எழுந்து ஒரு கயாக் கவிழ்ந்தது. அதில் இருந்தவர்களில் ஒருவர் டக்ளஸ் டாம்ப்கின்ஸ். மலையேறுபவர்களுக்கான குளிர் உடைகளால் உலகப் புகழ் பெற்ற 'தி நார்த் ஃபேஸ்' நிறுவனத்தைத் தொடங்கியவர். வாழ்நாள் முழுவதும் மலையிலும் ஆற்றிலும் அனுபவம் பெற்றவர். ஏரித் தண்ணீர் சுமார் 4 டிகிரி. அதில் நீண்ட நேரம் கிடந்த பிறகு மீட்கப்பட்டு, உடல் வெப்பம் குறைந்து மருத்துவமனையில் இறந்தார். குளிர்ந்த தண்ணீர் அனுபவத்தையும் பெயரையும் பார்ப்பதில்லை.

ஆக, நீந்தப் போகிறவருக்கு, அலையில் விளையாடப் போகிறவருக்கு, கரையை ஒட்டி வெயில் காலத்தில் சிறிது நேரம் போய் வருகிறவருக்குப் பொருத்தமான தடிமனில் வெட்சூட் போதும். குளிர்ந்த கடலில் மணிக்கணக்கில் உட்கார்ந்து மீன் பிடிப்பவர் கிரீன்லாந்து வேட்டைக்காரரின் இடத்தில் இருக்கிறார். அவருக்கு டிரைசூட்தான் ஏற்றது. எதை வாங்கினாலும், முதல் முறை அணிந்ததும் கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில், பக்கத்தில் ஒரு துணையோடு, வேண்டுமென்றே விழுந்து மறுபடி ஏறிப் பார்க்க வேண்டும். கிரீன்லாந்துச் சிறுவர்கள் கயாக்கில் கவிழ்ந்து நிமிரப் பழகிய பிறகுதான் வேட்டைக்குப் போனார்கள்.